கைக்கு வந்த நூல்கள்

நாளை என்பது இரண்டே எழுத்துச் சொல். ஆனால் மாணவர் வாழ்வில் அதைவிடச் செலவு மிகுந்த சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையை நாளை எழுதலாம். கணக்கை நாளை போடலாம். நூலகத்துக்கு நாளை போகலாம். இப்படி நாளைகளை அடுக்கிக்கொண்டே போகிறோம். ஒருநாள் விடியும்போது அது தேர்வு நாளாக இருக்கிறது!

திருவள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதில் காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், தூக்கம் என்னும் நான்கையும் ஒருங்கே வைத்து எண்ணுகிறார். நான்கிலும் முதலிடம் கொடுத்தது காலம் நீட்டிப்பதற்கு. அதற்கு அவர் இட்ட பெயர் நெடுநீர். சோம்பலைத் தனியாகவும் நெடுநீரைத் தனியாகவும் அவர் எண்ணியது கூர்ந்து நோக்கத் தக்கது. இரண்டும் ஒன்றே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வள்ளுவர் அப்படி நினைக்கவில்லை.

விடுதியில் நான் கண்டவரை, காரியத்தைத் தள்ளிப்போடும் மாணவன் சும்மா இருப்பதில்லை. தேர்வுக் காலத்தில் அவனைப் போல் சுறுசுறுப்பானவன் எவனும் இல்லை. மேசையைத் துடைப்பான். புத்தகங்களுக்கு அட்டை போடுவான். மூன்று வண்ண மையில் கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவான். நண்பனுக்கு வராத பாடத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். கைப்பேசியை எடுத்து, இன்று எத்தனை மணிக்குப் படிக்கத் தொடங்கினால் நல்லது என்று நாலு பேரைக் கேட்பான். தான் படிக்கவேண்டிய பாடம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துவிடுவான். இவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? இவன் எதற்காகவோ காத்திருக்கிறான். நல்ல நேரம் வரட்டும், நல்ல புத்தகம் கிடைக்கட்டும், மனம் தெளியட்டும் என்று காத்திருக்கிறான். உள்ளே ஓர் அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு முகம் கொடுக்காமல் இருக்கவே இத்தனை வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறான். வேலை தரும் மனவருத்தத்திலிருந்து தப்பும் வழியாகவே மனிதன் வேலையைத் தள்ளிப்போடுகிறான் என்று இக்கால உளவியலாரும் கூறுகின்றனர்.

இந்தக் காத்திருப்பிலிருந்து ஒரு மாணவர் எப்படி வெளியே வந்தார் என்பதற்கு நம் ஊர்ப்புறத்திலேயே ஒரு வாழ்க்கை சான்றாக நிற்கிறது. உலகம் அறிந்த பெயர்தான் அது. டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தலைப்பாகையும் மூக்குக் கண்ணாடியுமாக அவரை நாம் படத்தில் பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் செப்டம்பர் 5 ஆம் நாள் மாலை போட்டுக் கும்பிடவும் செய்கிறோம். ஆனால் அவர் மாணவராக இருந்த நாட்களை அறிந்தவர் நம்மில் சிலரே.

நான் விஜயபுரத்துக்காரன். நகரிக்கு அண்மையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. எங்களுக்குத் திருத்தணி பக்கத்து ஊர். அந்தத் திருத்தணியில்தான் 1888 செப்டம்பர் 5 ஆம் நாள் இராதாகிருஷ்ணன் பிறந்தார். அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911 இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. விஜயபுரம் ஆந்திரத்திலேயே நின்றது. கோடு எங்கே விழுந்தாலும் மக்கள் நாவில் இரண்டு மொழியும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறவர்கள் பலர். எந்த மொழியிலும் நமக்குக் கால் ஊன்றவில்லையே, முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டு பிறகு பாடத்தைத் தொடுவோம் என்று எண்ணி எண்ணியே ஆண்டைக் கழிக்கும் பிள்ளைகள் எங்களிடையே உண்டு. அவர்களுக்காகவும் இந்த வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன்.

தந்தையார் வீராசாமி ஜமீனில் வருவாய்த் துறையில் சிறு பணியில் இருந்தவர். தாயார் சீதம்மா. வீட்டு மொழி தெலுங்கு. பிள்ளைகள் பலர், வருவாய் குறைவு. மகனுக்கு ஆங்கிலக் கல்வி எதற்கு, கோயில் பூசை செய்து பிழைத்துக்கொள்ளட்டும் என்று தந்தையார் முதலில் எண்ணியதாகவும் சொல்லப்படுகிறது. எனினும் 1896 இல், எட்டு வயதில், அந்தப் பிள்ளை நம் திருப்பதிக்குப் படிக்க வந்தான். செருமனியிலிருந்து வந்த ஹெர்மான்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளி அது. 1900 வரை நான்கு ஆண்டுகள் இங்கே படித்தான். 1954 இல் திருவேங்கடவன் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் எழுந்த இதே திருப்பதி, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்படி ஒரு மாணவனைப் பெற்றிருந்தது.

மலை மேலே கோவிந்த நாமம். மலையடியில் மிஷன் பள்ளியின் விவிலிய வகுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே அவன் வளர்ந்தான். கூச்சம் மிகுந்த பிள்ளை. கூட்டத்தைவிடப் புத்தகத்தோடு இருப்பதையே விரும்பியவன். தனிமையில் புத்தகமே தனக்குத் துணையாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

1900 இல் வேலூர் ஊரிஸ் கல்லூரிக்குச் சென்றார். அதுவும் மிஷன் நிறுவனமே. அங்குப் படித்த ஆண்டுகளில், அக்கால வழக்கப்படி, இளம் வயதிலேயே சிவகாமு அம்மையாரோடு திருமணமும் நடந்தது. 1904 இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அக்கல்லூரி தாம்பரத்தில் இல்லை. சென்னைத் துறைமுகத்துக்கு அருகே, உயர்நீதி மன்றத்தின் எதிரே இருந்தது. கல்லூரி தாம்பரம் போனது 1937 இல்தான்.

நான் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது. இளங்கலை வகுப்பில் எந்தப் பாடத்தை எடுப்பது? கணிதமா, இயற்பியலா, உயிரியலா, தத்துவமா, வரலாறா? ஐந்து வாயில்கள் திறந்து கிடந்தன. பதினேழு வயது மாணவர் ஐந்தின் முன்னும் நின்று தயங்கினார். இந்தத் தயக்கத்தை அவரே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே தத்துவஞானி, தொட்டிலிலேயே வேதாந்தி என்று புகழ் பாடுவோர் இதைச் சொல்வதில்லை. நாமும் நம்மைப் போல் ஒருவரை அங்கே காண்பதற்குத் தவறிவிடுகிறோம்.

தயக்கம் எப்படித் தீர்ந்தது? கனவில் தெய்வம் வந்து சொல்லவில்லை. சோதிடரும் சொல்லவில்லை. உறவினர் ஒருவர் அந்த ஆண்டில் பட்டம் பெற்றுக் கல்லூரியை விட்டார். அவர் படித்து முடித்த தத்துவப் பாட நூல்களை இவருக்குக் கொடுத்தார். ஸ்டவுட் எழுதிய உளவியல் நூல், வெல்ட்டன் எழுதிய தருக்க நூல், மெக்கென்சி எழுதிய அறவியல் நூல். கையில் புத்தகம் இருந்தது. தத்துவ வகுப்பில் சேர்ந்துவிட்டார். அவ்வளவுதான்! உலகப் பெருந் தத்துவப் பேராசிரியர்களுள் ஒருவர் அத்துறைக்குள் நுழைந்த வரலாறு இவ்வளவு சாதாரணமானது.

பழைய புத்தகம் கிடைத்த தற்செயலால் ஒருவர் பெரியவராகிவிடுவாரா என்று சிலர் கேட்கலாம். ஆக மாட்டார். நம் விடுதியில் ஆண்டுதோறும் மூத்த மாணவர் இளையவருக்குப் பழைய நூல்களைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அவற்றுள் எத்தனை கட்டிலடியில் தூசி படிந்து கிடக்கின்றன! இராதாகிருஷ்ணன் செய்தது வேறு. சிறந்த பாடம் எது என்று உறுதிப்பட்ட பிறகே தொடங்குவேன் என்று அவர் நிற்கவில்லை. கையில் இருந்ததைத் திறந்தார், படித்தார், படிக்கப் படிக்க அதுவே சிறந்த பாடமாயிற்று. விருப்பம் முதலில் வரும், உழைப்பு பின்னால் வரும் என்று நாம் நம்புகிறோம். உழைப்பைத் தொடர்ந்து விருப்பம் வருவதும் உண்டு என்பதற்கு அவரே சான்று.

அடுத்தது இன்னும் கடுமையான சோதனை. திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலுமாக, 1896 முதல் 1908 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மிஷன் நிறுவனங்களில் அவர் படித்தார். அங்கே அவர் பிறந்த சமயத்தின்மேல் குற்றச்சாட்டுகள் பல கேட்டுக்கொண்டே இருந்தன. உலகமே மாயை என்று சொல்லும் வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் ஏது என்பது அவற்றுள் ஒன்று. விவேகானந்தரின் சொற்களால் எழுந்த பெருமிதம் ஒருபுறம். அன்றாடம் வகுப்பில் கேட்கும் குறைகூறல் மறுபுறம். உள்ளம் நொந்தது. குறை சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். கற்றவர்கள், தமக்குக் கல்வி தந்த ஆசிரியர்கள். அதனால் அந்த நோவு இன்னும் ஆழமாயிற்று.

இத்தகைய நிலையில் நாம் என்ன செய்வோம்? முதலில் பட்டம் கைக்கு வரட்டும். பிறகு வேலை ஒன்று கிடைக்கட்டும். அதன் பிறகு பதில் எழுதுவோம் என்போம். அந்தப் பதில் எழுதப்படாமலே நம் காலம் முடிந்துவிடும். அவர் அப்படித் தள்ளிவைக்கவில்லை. முதுகலைத் தேர்வுக்கு எழுதவேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அதையே பொருளாக எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தின் அறவியலும் அதன் மெய்ப்பொருளியல் அடிப்படையும் என்பது பொருள். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் உண்டு என்று நிறுவுவதே நோக்கம். அதைப் பார்க்கப் போகிறவர் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர். தாமே இந்து சமயக் கருத்துகளை ஆராய்ந்து எழுதியவர். தம் கட்டுரை அவரைப் புண்படுத்துமோ என்று மாணவர் அஞ்சினார். அஞ்சினாலும் எழுதி முடித்தார். அச்சம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் அந்தக் கட்டுரை பிறந்தே இராது.

ஹாக் என்ன செய்தார் தெரியுமா? சினக்கவில்லை. மாணவர் மிகச் சிறந்த பணி செய்திருக்கிறார் என்று பாராட்டிச் சான்று வழங்கினார். 1908 ஆம் ஆண்டில், ஏறத்தாழ இருபது வயதில், அந்தக் கட்டுரை நூலாகவும் வெளிவந்துவிட்டது. எந்தக் கையைக் கண்டு அஞ்சினாரோ அந்தக் கையே முதுகில் தட்டிக் கொடுத்தது. நாம் ஒத்திப்போடும் வேலைகளில் பாதி இத்தகையவை அன்றோ? ஆசிரியர் என்ன சொல்வாரோ என்று நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் முகம் ஒன்று. கட்டுரையைக் கையில் வாங்கும்போது அவர் காட்டும் முகம் மற்றொன்று. எழுதிக் கொடுத்தவனுக்கு மட்டுமே அந்த இரண்டாம் முகம் தெரியவரும்.

படிப்பு முடிந்தது. மேலே கடல் கடந்து படிக்க வசதி இல்லை. சீமையில் படித்துத் திரும்பியவருக்கே மதிப்பு இருந்த காலம் அது. அங்கே போகாமல் எதையும் எழுதி என்ன பயன் என்று இருந்திருக்கலாம். 1909 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார், சிறிய பதவி. அங்கிருந்தபடியே எழுதத் தொடங்கினார். 1911 இல் பகவத்கீதையின் அறநெறியையும் காண்ட்டின் அறநெறியையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு அறவியல் ஆராய்ச்சி இதழ் ஒன்று வெளியிட்டது. அப்போது வயது இருபத்து மூன்றுகூட ஆகவில்லை. 1912 இல் உளவியல் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கைக்கு வந்த அந்த மூன்று பழைய நூல்களுள் ஒன்று உளவியல் நூல் என்பது நினைவிருக்கட்டும்.

1918 இல் மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அதே ஆண்டில் தாகூரின் தத்துவத்தைப் பற்றிய நூல் வந்தது. 1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தது. மைசூரிலிருந்து அவர் புறப்பட்ட நாளில், மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றனர். இந்தியத் தத்துவம் என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1923 இலும், இரண்டாம் தொகுதி 1927 இலும் இலண்டனில் வெளிவந்தன. இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நானூறு பக்கங்களுக்கு மேல். வகுப்பும் வீடும் குடும்பமும் நடக்க, அவற்றோடு கூடவே நடந்த வேலை அது.

1926 இல் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவாற்றும் அழைப்பு வந்தது. 1936 இல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே கீழ்த்திசைச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் பேராசிரியராக அமர்ந்தார். மாணவராகப் போக முடியாத ஊருக்கு ஆசிரியராகப் போனார். முதலில் ஆக்ஸ்போர்டு, பிறகே தத்துவம் என்று அவர் இருந்திருந்தால் இரண்டும் கிட்டியிரா.

அதன் பின் வந்த பதவிகளை நீங்கள் அறிவீர்கள், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அப்பதவியில் அவருக்கு முன் இருந்தவர் நம் சித்தூர்க் கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியார் என்பது நம் சீமைக்குப் பெருமை. 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர். 1952 இல் குடியரசுத் துணைத்தலைவர். 1954 இல் பாரத ரத்னா. 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர். தம் பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம் அதை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுமாறு அவர் சொன்னதும் 1962 இல்தான். 1975 ஏப்ரல் 17 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்வது வேறொன்று. பதவி உயர உயர அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பகவத்கீதை மொழிபெயர்ப்பு 1948 இல். தம்மபதம் 1950 இல். முதன்மை உபநிடதங்கள் 1953 இல். பிரம்ம சூத்திரம் 1960 இல். ஆண்டுகளைப் பாருங்கள். துணைவேந்தராகவும் தூதராகவும் நாட்டின் துணைத்தலைவராகவும் இருந்த ஆண்டுகள் அவை. ஓய்வு கிடைத்த பிறகு எழுதுவோம் என்று சொல்ல உலகத்தில் யாருக்கேனும் உரிமை இருந்தது என்றால் அவருக்கு இருந்தது. அவரோ படுக்கையில் சாய்ந்தபடியே படித்தார்; படுக்கையில் சாய்ந்தபடியே எழுதினார். அது அவருடைய நீண்டநாள் பழக்கம். நல்ல மேசையும் நல்ல விளக்கும் அமைந்த பிறகே படிப்பு என்பவர்கள் இதைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

அவர் மேதை, நாம் சாதாரணமானவர்கள், அவர் வழி நமக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மேதைமையை எவரும் எவரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் நான் மேலே சொன்னவற்றுள் மேதைமையால் மட்டுமே முடிந்தது எது? பழைய புத்தகத்தைத் திறப்பதற்கு மேதைமை வேண்டுமா? தேர்வுக்கு எழுதியே ஆகவேண்டிய கட்டுரைக்கு, தன் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியையே பொருளாக வைப்பதற்கு மேதைமை வேண்டுமா? அஞ்சிக்கொண்டே எழுதி, எழுதியதை ஆசிரியரிடம் கொடுப்பதற்கு மேதைமை வேண்டுமா? கட்டுரை எவ்வளவு உயர்ந்ததாக அமையும் என்பதில் மேதைமைக்குப் பங்கு உண்டு. கட்டுரை தொடங்கப்படுமா என்பதில் அதற்குப் பங்கே இல்லை.

மொழியைக் காரணம் சொல்லும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். அவருக்கு வீட்டில் தெலுங்கு, திருத்தணித் தெருவில் தமிழும் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலம். ஆங்கிலத்தை முழுவதும் கற்ற பிறகு தத்துவத்துக்குப் போவோம் என்று அவர் இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்ளவில்லை. தத்துவத்தைப் படித்தே ஆங்கிலத்தில் வல்லவரானார். ஹாக் தந்த சான்றில் அவர் ஆங்கில நடைக்கும் பாராட்டு இருந்தது. நீரில் இறங்கிய பிறகு வருவதே நீச்சல். கரையில் நின்று கைகால் அசைத்துப் பழகியவர் எவரும் ஆற்றைக் கடந்ததில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்கள் கட்டிலடியில் ஒரு நூல் கிடக்கும். மூத்தவர் யாரோ கொடுத்துவிட்டுப் போனது. ஓரம் மடங்கியிருக்கும், பிறர் கோடிட்ட பென்சில் தடங்கள் இருக்கும். சிறந்த பதிப்பு அது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கென்றே எழுதப்பட்ட பாடம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. அட்டவணையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இன்று இரவு விளக்கணைக்கும் முன், தூசியைத் தட்டிவிட்டு முதல் அதிகாரத்தைப் படியுங்கள். விளங்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி இடுங்கள். காலையில் அந்தக் கேள்வியோடு ஆசிரியர் அறைக் கதவைத் தட்டுங்கள்.